ஒன்றே உளதோ?

கணிப்பொறி நிரல் எழுதுவார் சிலர், ஒரு வரிசையில் ஓர் உறுப்பு மட்டுமே உளதோ என அறிய அனைத்தையும் எண்ணுவர். இது வீண் உழைப்பு என்போம். 1996-ஆம் ஆண்டு, ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சித் தொகுதியில், உழவர் தம் குறைகளைப் புலப்படுத்த வேண்டித் திரளாக மனுச் செய்தமையால், 1,033 வேட்பாளர் நின்றனர், வாக்குச்சீட்டே புத்தகமாயிற்று. ஒருவரே எஞ்சியிருப்பின், 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாக்கெடுப்பின்றி அவரே தேர்ந்தெடுக்கப்பட்டவராவர். அந்நிலை உளதோ என அறிய, 1,033 பெயரையும் எண்ண வேண்டுமோ? முதற்பெயரைத் தேடுக, இல்லையேல் வரிசை வெறுமை. பின் இரண்டாம் பெயரைத் தேடுக. அது கிட்டிய அக்கணமே 'அன்று' எனலாம். கிட்டாதாயின் மட்டுமே 'ஆம்'. முதற்பெயர் கண்டதும் 'ஆம்' என்பார்க்கு மொடக்குறிச்சியும் போட்டியற்ற தொகுதியே! உறுப்புகள் ஒவ்வொன்றாய் வந்து மறையும் வரிசையாயின், முதலில் எடுத்ததைச் சேமித்து வைத்தல் வேண்டும்; அது மீண்டும் வாராது.