லைசென்ஸ் போனால் திரும்பி வர வழி எது?



பாகான் டத்தோவில் விளையும் தேங்காயும் செம்பனைக் குலையும் லோரி ஏறித்தான் வெளியே போகின்றன. தோட்டத்தை விட்டு வந்த பல குடும்பங்களில் அப்பாவோ அண்ணனோ லோரி ஓட்டித்தான் வீட்டுச் செலவைப் பார்க்கிறார். அவருடைய லைசென்ஸ் பறிபோனால் வீட்டில் அடுப்பு எரியாது. அதைத் திரும்பப் பெறுவது எப்படி என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த மாதப் பாடம் அதுதான்.

நான்கு நிலைகள்

"லைசென்ஸ் போச்சு" என்று பொதுவாகச் சொல்கிறோம். அது நான்கு விதம். நான்குக்கும் வழி வேறு.

1. காலாவதி: புதுப்பிக்காமல் விட்டது. 3 ஆண்டுக்கு மேல் போய்விட்டால் மறுபடியும் தேர்வு எழுதணும்.

2. இடைநிறுத்தம்: கெஜாரா குற்றப்புள்ளிகள் சேர்ந்ததால் ஜேபிஜே சில மாதங்கள் நிறுத்தி வைப்பது. தவணை முடியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

3. ரத்து: பி லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு 20 புள்ளி சேர்ந்தாலே ரத்து. பிறகு முதலிலிருந்து தொடங்கணும்.

4. தகுதி இழப்பு: 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் விதிக்கும் தடை. 2020 திருத்தத்துக்குப் பிறகு, குடிபோதையில் ஓட்டி மரணம் விளைவித்தால் முதல் குற்றத்துக்கே குறைந்தது 10 ஆண்டு தடை.

லோரி ஓட்டுநருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண லைசென்ஸோடு ஜிடிஎல் லைசென்ஸும் அவருக்கு வேணும். அதற்கு மருத்துவப் பரிசோதனையும் உண்டு. ஆக, திரும்பி வர அவருக்குப் படிகள் அதிகம்.

சுலபமாக்குவது எதற்கு?

வழி புரியாதவர் என்ன செய்கிறார்? "யார் பிடிக்கப் போறா?" என்று லைசென்ஸ் இல்லாமலே வண்டியை எடுக்கிறார். அது இன்னொரு குற்றம். தெரிந்தே வண்டியைக் கொடுத்த முதலாளியும் சட்டத்துக்குப் பதில் சொல்லணும்.

அப்படியானால் சட்டத்தைத் தளர்த்தணுமா? கூடவே கூடாது. 2025 மே 13 அன்று, தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி விழாவுக்குப் பாதுகாப்புப் பணி முடித்துத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீஸாரின் வண்டியும் சரளைக்கல் ஏற்றிய லோரியும் மோதி, 9 போலீஸார் உயிரிழந்தார்கள். நம் திருவிழாவைக் காக்க வந்தவர்கள். கனரக வண்டி ஓட்டுபவரைச் சோதிப்பதில் சலுகை கேட்க நமக்கு மனசு வராது.

தேர்வு கடினமாகவே இருக்கட்டும். தேர்வுக்குப் போகும் பாதை தெளிவாக இருக்கட்டும். நாம் கேட்க வேண்டியது இவ்வளவுதான். தடை விதிக்கும் அன்றே, அது எந்த நாளில் முடிகிறது, பிறகு என்னென்ன படிகள் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுக்கலாம். மருத்துவம், பயிற்சி, தேர்வு மூன்றையும் ஒரே இடத்தில் முடிக்க ஏற்பாடு செய்யலாம். பிரிட்டனில் 2 ஆண்டுக்கு மேல் 4 ஆண்டுக்குள் தடை பெற்றவர், 2 ஆண்டு கழிந்ததும் அதை நீக்கும்படி நீதிமன்றத்தில் மனு செய்யலாம். ஏற்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் முடிவு. ஆனால் கதவு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

நம் பெரியோர் பிராயச்சித்தம் என்று ஒன்றை வைத்தார்கள். செய்த தவற்றுக்கு உரியதைச் செய்து முடித்தவரைச் சேர்த்துக்கொள்வதும் தர்மமே.

செய்து பாருங்கள்

• வீட்டில் லோரி, பஸ், டாக்சி ஓட்டுபவர் இருந்தால், மைஜேபிஜே செயலியில் அவருடைய லைசென்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.
• மலாய்க் கடிதம் வந்தால் படித்து விளக்குங்கள். பெரியவர்கள் கூச்சப்பட்டு மடித்து வைத்துவிடுவார்கள்.
• வகுப்பில் பேசுங்கள்: தண்டனைக் காலம் முடிந்த ஒருவரை வேலைக்குச் சேர்க்கும் முன் முதலாளி எதையெல்லாம் பார்க்கணும்?