டேன்ஜெண்ட் அட்டவணையின் முதல் இரண்டு வரிசைகள்

முக்கோணவியல் நடத்தும்போது டேன்ஜெண்ட் அட்டவணையின் 0°, 1° என்று தொடங்கும் முதல் இரண்டு வரிசைகளை நாம் அநேகமாகத் தொடுவதே இல்லை. கோபுர உயரம், மரத்தின் நிழல் என்று வரும் கணக்குகளில் எல்லாம் 30, 45, 60 பாகைதான். அட்டவணை பார்க்கச் சொல்லும் கணக்கானாலும் 38, 52 என்று நடுவிலேயே நின்றுவிடுகிறோம். அந்த முதல் இரண்டு வரிசைகளை நம்பியே நடக்கும் தொழில் ஒன்று நம் ஊர்ச் சாலையோரங்களில் இருக்கிறது: வீல் அலைன்மெண்ட்.

இதைப் பாடமாக எடுக்க ரேஸ் காரைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் எளிது. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. சாலையில் ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. மாணவர்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் சக்தியைப் பற்றி ஆளாளுக்கு ஒரு எண் சொன்னார்கள். முன்சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வளைவில் கார் சாலையைப் பிடிப்பதும் வழுக்குவதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

கோணங்கள் மூன்று. காரை முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருப்பது கேம்பர். மேல்பகுதி உள்ளே சாய்ந்தால் அது குறை எண். மேலிருந்து பார்த்தால் இரு சக்கரங்களின் முன்விளிம்புகள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருப்பது டோ-இன், விலகியிருப்பது டோ-அவுட். பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர். மூன்றாவதைக் கரும்பலகையில் வரைந்தால் புரியாது. பள்ளி வாசலில் நிற்கும் விலையில்லா மிதிவண்டியைக் காட்டினால் போதும். அதன் முன்ஃபோர்க் செங்குத்திலிருந்து 20 பாகையை ஒட்டிச் சாய்ந்திருக்கும். அந்த அச்சுக்கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே போய் விழும். அதனால் சக்கரம் அச்சைப் பின்தொடர்ந்தபடியே வருகிறது. ஹேண்டில்பார் தானே நேராகிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது நம் புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அன்று அவர்களை விழாமல் காத்தவற்றில் இந்தச் சாய்வுக்கும் பங்குண்டு.

சாலையில் ஓடும் நம் சிறிய கார்கள் பலவற்றில் முன்பக்கம் மாற்றக்கூடியது டோ மட்டுமே. பந்தயத்துக்குத் தயார் செய்பவர்கள் வெளியில் தனியாக விற்கும் பாகங்களை வாங்கி மாட்டுகிறார்கள்: உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் காயில்ஓவர் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரின் மேல்முனையை உள்ளே நகர்த்தும் கேம்பர் பிளேட். வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது வெளிச்சக்கரமும் சேர்ந்து சாய்ந்து டயரின் விளிம்பில் ஓடும். முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்தால் அந்த நேரத்தில் டயர் தட்டையாகத் தரையில் படும். பந்தயக் காரில் 2, 3 பாகை வைப்பது வழக்கம். அதே காரை நேர்சாலையில் அன்றாடம் ஓட்டினால் டயரின் உள்பக்கம் தேய்ந்துபோகும். வகுப்பில் இதை எனக்கு முந்திச் சொன்னவன் பஞ்சர் கடைக்காரரின் மகன். கணக்குப் பாடவேளையில் அவன் வாய் திறந்தது அன்றுதான்.

இனி அளவு. ஆசிரியர் ஒருவரின் கார், தூக்குக்குண்டு, மேஸ்திரிகள் கட்டும் நூல், ஸ்கேல் ஆகியவை போதும். காற்றழுத்தம் சரியாக இருக்க வேண்டும், ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும். அளப்பது மட்டுமே மாணவர் வேலை. ஜாக்கி ஏற்றவோ நட்டைத் தொடவோ விடக்கூடாது. முதலில் தரை. இரு முன்சக்கரங்களுக்கு இடையே 1400 மி.மீ. என்று கொண்டால், தரை ஒருபக்கம் 10 மி.மீ. தாழ்ந்திருந்தாலே கேம்பர் ஏறக்குறைய 25 நிமிடம் தவறாக வரும். தண்ணீர் டியூப் வைத்து மட்டம் பார்ப்பது இதற்காகத்தான்.

சக்கரத்தின் அருகே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலிலிருந்து ரிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள தூரங்களை அளக்க வேண்டும். 14 அங்குல ரிம்மில் விளிம்புக்கு விளிம்பு சுமார் 390 மி.மீ. மேல்விளிம்பு 10 மி.மீ. உள்ளே தள்ளியிருந்தால் 10/390 = 0.0256. அட்டவணையில் 1°24′க்கு 0.0244; மீதி 0.0012க்குச் சராசரி வித்தியாசத்தில் 4′. ஆக 1°28′. அந்தப் பத்தியைத் தேர்வுக்கு வெளியே ஒரு வேலைக்காக எங்கள் மாணவர்கள் பார்த்தது அதுவே முதல்முறை.

டோவுக்குக் காரின் இருபுறமும் இரண்டு நூல்களைச் சக்கர மையத்தின் உயரத்தில், காரின் நடுக்கோட்டுக்கு இணையாகக் கட்ட வேண்டும். முன்சக்கர இடைவெளியும் பின்சக்கர இடைவெளியும் பல கார்களில் சமமாக இருப்பதில்லை. ஆகவே சக்கரத்தை ஒட்டி நூல் பிடித்தால் இணையாகாது. நூல்களுக்கு இடையிலான தூரம் முன்னும் பின்னும் சமமா, மூலைவிட்டங்கள் சமமா, கார் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செவ்வகத்தின் பண்புகளை எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள் இங்கே நூலை நாலைந்து முறை அவிழ்த்துக் கட்டினார்கள்.

ஒரு சக்கரத்தில் ரிம்மின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட நூலிலிருந்து 1 மி.மீ. தள்ளியிருந்தால் 1/390 = 0.0026, அதாவது 9′ டோ-இன். இவ்வளவுதானா என்று மாணவர்கள் அலட்சியமாகப் பார்ப்பார்கள். அப்போது இந்தக் கணக்கைக் கொடுங்கள்: அந்தச் சக்கரம் தன் போக்கில் விட்டால் ஒரு கிலோமீட்டருக்குள் சுமார் 2.6 மீட்டர் பக்கவாட்டில் போய்விடும். கார் அதைப் போக விடுவதில்லை. ஆகவே டயர் அந்த அளவுக்குத் தேய்க்கப்படுகிறது. இங்கிருந்து திருச்சி சுமார் 55 கி.மீ. என்றால் ஏறக்குறைய 140 மீட்டர்.

இங்கே ஒரு மாணவி கேட்டாள்: ஸ்கேலில் ஒரு மி.மீ. தவறாகப் பார்த்தால் 9′ தவறாகுமே, பிறகு இந்த அளவுக்கு என்ன மதிப்பு? அந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த நல்ல கேள்விகளில் ஒன்று. விடை அடுத்துள்ள பக்கத்தின் நீளத்தில் இருக்கிறது. ரிம்மோடு சேர்த்து 2 மீட்டர் நேரான மட்டப்பலகையைப் பிடித்து அதன் இரு முனைகளில் அளந்தால், அதே 1 மி.மீ. பிழை 2 நிமிடத்துக்கும் குறைவு. அளவுப் பிழை பற்றி இயற்பியல் ஆசிரியரும் சேர்ந்து ஒரு பாடவேளை எடுக்கலாம்.

திருத்துவதும் கணக்குத்தான். டை ராட்டின் மரை ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகர்கிறது, ஸ்டியரிங் ஆர்ம் 120 மி.மீ. என்று மாதிரிக்கு வைத்துக்கொள்வோம். 1.5/120 = 0.0125, அட்டவணைப்படி 43′. நமக்கு வேண்டிய 9′க்கு ஒரு சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அதை இருபுறமும் சமமாகச் செய்யாவிட்டால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். திருத்தியபின் காரைச் சற்று முன்னும் பின்னும் உருட்டிவிட்டே மறுபடி அளக்க வேண்டும். நின்ற இடத்திலேயே அளந்தால் டயரின் முறுக்கு பொய் சொல்லும்.

வரிசையும் முக்கியம்: உயரம், காஸ்டர், கேம்பர், கடைசியில் டோ. டை ராட்டின் நீளம் மாறாதிருக்கும்போது ஷாக் அப்சார்பரின் மேல்முனையை நகர்த்தினால் டோவும் கூடவே மாறிவிடும். எந்தப் பக்கம் மாறும் என்பது டை ராட் அச்சுக்கு முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. டோவை முதலில் சரிசெய்பவர் அதை இரண்டாம் முறையும் செய்ய வேண்டிவரும்.

மேல்நிலை மாணவர்களிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பந்தயத் தடத்துக்கான மாற்றங்களைச் சாலை வண்டியில் இஷ்டப்படி செய்ய முடியாது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தடுக்கிறது. பைக்கைத் தாழ்த்தியும் உயர்த்தியும் பார்க்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

தொடக்க வகுப்புகளுக்குக் கார் வேண்டாம். சைக்கிள் அருகே தூக்குக்குண்டைப் பிடித்து, ஃபோர்க் நூலோடு ஒட்டுகிறதா விலகுகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். விலகுவது செங்கோணத்தின் ஒரு துண்டு என்பது நான்காம் வகுப்புக்கே புரிகிறது. உயர்நிலை வகுப்புகளில் அளந்து முடித்தபின் அதே காரை அலைன்மெண்ட் கடைக்கு அனுப்பி, கணினி அச்சிட்டுத் தரும் தாளை வாங்கி வாருங்கள். அதிலும் கோணங்கள் பாகையிலோ நிமிடத்திலோதான் இருக்கும். மாணவர்களின் நோட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.