கம்பியும் கம்பியில்லாததும்: கார்ன்வால் கரையில் ஒரு யாத்திரை

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் கால் நீட்டிக் கிடக்கும் கார்ன்வால் பிரதேசத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அதன் மணற்கரைகளையும் மீன்பிடி கிராமங்களையும் பார்த்து மகிழ்ந்துவிட்டுத் திரும்புகிறார்கள். பாதி உலகத்தின் செய்திகள் ஒரு காலத்தில் அந்த மூலையில்தான் கடலில் இறங்கின, கரையேறின என்ற விஷயம் தெரிந்து, அதற்காகவே போகிறவர்கள் சொற்பம். அப்படிப் போகிறவர்களும் ஏமாறுவதற்கு இடம் உண்டு. ஏனென்றால் அங்கே கண்ணைப் பறிக்கும்படியான கட்டடங்கள் அதிகம் இல்லை: மணலுக்கு மேலே ஒரு சிறு குடில், பாறை முனையில் கறுப்புச் சாயம் பூசிய இரண்டு மரக் கொட்டகைகள், புல்வெளியில் ஒரு கல் ஸ்தம்பம், அவ்வளவுதான். தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற பாத்தியதையில் நான் அந்தக் கரையை ஆற அமரச் சுற்றிப் பார்த்தேன். அதிலிருந்து எனக்குப் பட்டது இது: இந்த ஸ்தலங்களைத் தனித்தனி ஞாபகச் சின்னங்களாகப் பார்த்தால் அவை பேசா, ஒன்றுக்கொன்று எதிர்க்கட்சி என்று தெரிந்துகொண்டு பார்த்தால்தான் பேசும்.

ஆகையால் யாத்திரையைப் போர்த்கர்னோவில் தொடங்குவதே முறை. ரயில் பாதை முடியும் பென்ஸான்ஸ் ஊரிலிருந்து பஸ் உண்டு. சொந்த வண்டியில் போகிறவர்கள், எதிரே இன்னொரு வண்டி வந்தால் பின்னோக்கிப் போய் ஒதுங்கும் வித்தையை அறிந்திருப்பது நல்லது, ஏனென்றால் அங்குள்ள சாலைகள் இரு புறமும் வேலி நெருக்கிய சந்துகள். இவ்வளவு ஒதுக்கான ஒரு பள்ளத்தாக்கை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி வழியிலேயே எழும். அதற்கு விடை சுவாரஸ்யமானது. முதலில் ஃபால்மத் துறைமுகத்தில்தான் கம்பியைக் கரையேற்ற எண்ணியிருந்தார்கள். கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சும் இடத்தில் கடலடிக் கம்பி பிழைக்காது என்ற பயத்தால், கப்பல் ஒதுங்காத இந்த மணற்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஜான் பெண்டர் என்ற வர்த்தகரின் முயற்சியால் 1870-ஆம் வருஷம் இங்கே இறங்கிய கம்பி, லிஸ்பன், ஜிப்ரால்டர், மால்டா, சூயஸ், ஏடன் வழியாகப் பம்பாயை எட்டிற்று. அந்த வருஷம் ஜூன் மாதம் 23-ஆம் தேதி லண்டனில் தம் மாளிகையில் வேல்ஸ் இளவரசர் முன்னிலையில் பெண்டர் நடத்திய விருந்தின்போது, இந்தியாவிலிருந்த வைஸ்ராய்க்குச் செய்தி போய் நிமிஷக் கணக்கில் பதில் வந்தது. கப்பலில் கடிதம் போக வாரக் கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். மறு வருஷமே சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி நீண்டது. இங்கிலாந்தையும் மலாய் நாட்டையும் இணைத்த அந்தச் சங்கிலியில் நம் சென்னைக் கடற்கரையும் ஒரு கண்ணி.

பழைய தந்தி நிலையம் இப்போது பொருட்காட்சிச் சாலை. அங்கே விளம்பரப் படங்களில் நேரத்தைச் செலவிடாமல், கம்பியின் குறுக்கு வெட்டுத் துண்டுகள் வைத்திருக்கும் இடத்துக்கு நேரே போவது உத்தமம். நடுவில் செம்புப் புரி. அதைச் சுற்றி, மலாய்க் காட்டு மரத்தின் பாலிலிருந்து எடுத்த கட்டாபெர்ச்சா என்னும் பிசின். அதற்கு மேல் சணல். வெளியே இரும்புக் கம்பிகளின் கவசம். ஆழ்கடல் துண்டு மெலிந்தும், கரையோரத் துண்டு தடித்தும் இருப்பதைக் கவனியுங்கள். ஆழத்தில் கம்பியைத் தொந்தரவு செய்ய ஒன்றுமில்லை, அலையும் பாறையும் நங்கூரமும் கரைக்கு அருகில்தான் அதைக் கொல்லுகின்றன. அடுத்து, சைபன் ரிக்கார்டர் என்னும் கருவியை ஓட்டிக் காட்டும் வேளையை விசாரித்து வைத்துக்கொண்டு அங்கே நில்லுங்கள். பின்னாளில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்ஸன் செய்த யுக்தி அது. நுண்ணிய கண்ணாடிக் குழாய் ஒன்று, ஓடும் காகித நாடாவின் மீது மை சிந்திக்கொண்டு நிற்கிறது. மின்சாரம் ஒரு திசையில் வந்தால் மைக்கோடு மேலே நெளிகிறது, எதிர்த் திசையில் வந்தால் கீழே. மேல் நெளிவு புள்ளி, கீழ் நெளிவு கோடு. ஆயிரம் மைல் கடலுக்கடியில் நலிந்து வரும் மின்சாரத்துக்கு, எங்கள் ஆபீஸ் மேஜையில் இருந்த கருவியைப்போல் ‘டக் டக்’ என்று அடிக்கும் தெம்பு ஏது? காதால் கேட்டே வேலை செய்து பழகிய நான் அந்த நெளிவுகளைக் கண்ணால் படிக்க முயன்று, இரண்டு வார்த்தை தாண்டுவதற்குள் களைத்துப்போனேன். அருகில் நின்ற சிறுமி ஒருத்தி என்னைவிட வேகமாகப் படித்தாள்.

இரண்டாவது யுத்த காலத்தில், ஜெர்மானியர் வந்து இறங்கிவிடுவார்களோ என்ற அச்சத்தால், கார்ன்வாலின் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளரைக் கொண்டு கருங்கல் குன்றைக் குடைந்து நிலையத்தை உள்ளே மாற்றினார்கள். அந்தக் குகைகளின் உள்ளே பார்த்துவிட்டு, முழங்கால் இடம் கொடுத்தால், தப்பியோடுவதற்கென்று வெட்டிய செங்குத்துப் படிகளிலும் ஏறிப் பாருங்கள். பிறகு மணற்கரைக்கு நடந்து, 1929-இல் கட்டிய கம்பிக் குடிலைப் பாருங்கள். கடலிலிருந்து வந்த பதினான்கு கம்பிகள் அந்தச் சிறு அறையில்தான் கரைவழிக் கம்பிகளோடு கூடின.

இனி எதிர்க்கட்சி. மவுண்ட்ஸ் விரிகுடாவுக்குக் கிழக்கே, லிஸார்ட் தீபகற்பத்தில், போல்டூ என்ற முனையில் மார்க்கோனி கம்பியில்லாத் தந்தி நிலையம் கட்டத் தொடங்கியபோது, கடலுக்கடியில் பெருமுதலைப் போட்டு வைத்திருந்த கம்பிக் கம்பெனியாருக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் செய்த காரியம் விநோதமானது: நெவில் மாஸ்கலின் என்ற மாயாஜால வித்வானை அமர்த்தி, 1902-இல் போர்த்கர்னோவின் பாறை மேலே ஓர் உயரமான கம்பம் நட்டு, மார்க்கோனியின் செய்திகளை ஒட்டுக்கேட்க வைத்தார்கள். கேட்கவும் கேட்டது. ரகசியமாகச் செய்தி அனுப்ப முடியும் என்ற மார்க்கோனியின் பெருமைக்கு அது பெரிய அடி. மறு வருஷம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியர் ஃப்ளெமிங் செய்துகாட்டிய பரிசோதனையின் நடுவில், அதே மாஸ்கலின் அருகிலிருந்து பரிகாச வார்த்தைகளை அனுப்பிக் குழப்பியதும் பிரசித்தம். போர்த்கர்னோவை விட்டுக் கிளம்புமுன் பாறை உச்சியில் ஏறிக் கிழக்கே பார்த்துக்கொண்டு, பிறகு போல்டூ போய் அங்கிருந்து மேற்கே பார்த்தால், வானம் தெளிந்திருக்கும் நாளில் இந்த விரோதத்தின் விஸ்தாரம் முழுவதும் கண்ணில் அகப்படும். புத்தகத்தில் இதை எத்தனை முறை படித்தாலும் இந்த உணர்ச்சி கிட்டாது.

போல்டூவில் நின்ற கம்பங்கள் இன்று இல்லை. இருபது கம்பங்களை வட்டமாக நட்டிருந்தார்கள்; 1901 செப்டம்பரில் வீசிய புயலில் அத்தனையும் சாய்ந்தன. அவசரமாக இரண்டு கம்பங்களின் நடுவே விசிறியைப்போல் கம்பிகளைத் தொங்கவிட்டு, டிசம்பர் 12-ஆம் தேதி, மோர்ஸ் எழுத்தில் மூன்று புள்ளிகளை ஓயாமல் அனுப்பினார்கள். நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில், காற்றாடியில் உயர்த்திய கம்பியின் துணைகொண்டு அதைக் கேட்டதாக மார்க்கோனி சொன்னார். சாட்சி, அவருடைய காதும் உதவியாளர் கெம்ப்பின் காதுமே. நாடாவில் பதிவு கிடையாது. பகல் வேளையில் அந்த அலைநீளம் அவ்வளவு தூரம் போயிருக்குமா என்று சந்தேகிப்பவர்கள் இன்றும் உண்டு. நானும் அவர்கள் பக்கமே சாய்கிறேன். ஏனென்றால், 1902 பிப்ரவரியில் ‘பிலடெல்பியா’ கப்பலில் போல்டூவின் செய்திகளை நாடாவிலேயே பதிவு செய்துகொண்டு மார்க்கோனி பிரயாணம் செய்தபோது, பகலில் 700 மைலோடு ஓய்ந்த ஒலி, இரவில் 2,000 மைலுக்கு மேலும் எட்டிற்று. அட்லாண்டிக்கைத் தாண்டியதை நிரூபிக்க அந்தக் கப்பல் யாத்திரையே போதுமே, காற்றாடிக் கதை எதற்கு! இந்தத் தர்க்கத்தை, அங்குள்ள மார்க்கோனி நிலையத்தைத் தொண்டாக நடத்திவரும் அமெச்சூர் ரேடியோ அன்பர்களிடம் பணிவோடு எழுப்பிப் பாருங்கள். பொழுது போவதே தெரியாது. அவர்கள் குறிப்பிட்ட நாட்களில்தான் திறப்பார்கள். விசாரித்துக்கொண்டு போவது அவசியம்.

போல்டூவிலிருந்து தெற்கே, முல்லியன், கைனான்ஸ் வழியாகக் கடலோரப் பாதையில் லிஸார்ட் முனைக்கு நடந்தே போகலாம்; ஏற்ற இறக்கம் நிறைந்த ஒரு பகல் நடை. முனையைத் தாண்டி பாஸ் பாயிண்ட்டில் நிற்கின்றன அந்தக் கறுப்புக் கொட்டகைகள். 1901 ஜனவரியில், 186 மைலுக்கு அப்பால் வைட் தீவிலிருந்து வந்த செய்தி இங்கே கேட்டது. அடிவானத்தோடு அலை நின்றுவிடும் என்று சொன்னவர்களுக்கு முதல் பதில் அதுவே. போல்டூவில் கொட்டிய பணம் வீணாகாது என்ற துணிச்சல் இங்கேதான் பிறந்தது என்பேன். கொட்டகைக்குப் பக்கத்திலேயே 1872-இல் கட்டிய வெள்ளை நிறக் கொடி நிலையம் இருக்கிறது. போகிற கப்பல்கள் கொடியேற்றிச் சொன்னதைத் தந்தியில் முதலாளிகளுக்குச் சொல்லிவந்த இடம்.

சண்டையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1923, 24-ஆம் வருஷங்களில் போல்டூவில் ஃப்ராங்க்ளின் என்ற பொறியியலாளர் சிற்றலைகளை ஒரே திசையில் குவித்து அனுப்பிப் பரீட்சித்தார். அந்த முறை 1927-இல் இந்தியாவுக்கும் வந்தபோது, கட்டணத்தில் போட்டியிட முடியாமல் கம்பிக் கம்பெனிகள் தள்ளாடின. 1929-இல் இரு கட்சிகளையும் ஒரே ஸ்தாபனமாக இணைத்தார்கள்.

தீபகற்பத்தின் நடுவே கூன்ஹில்லி மேட்டுநிலத்தில், 1962-இல் டெல்ஸ்டார் செயற்கைக் கோளுக்காக எழுப்பிய, ஏறக்குறைய 26 மீட்டர் குறுக்களவும் 1,100 டன் கனமும் உள்ள ‘ஆர்தர்’ என்னும் ஆன்டெனா இன்னும் நிற்கிறது. கோள் அடிவானத்துக்கு மேல் தென்பட்ட சில நிமிஷங்களுக்குள் அத்தனை கனத்தையும் திருப்பி அதைப் பின்தொடர வேண்டியிருந்தது. முதல் இரவில் அலையின் சுழற்சித் திசையை மாறாகப் பொருள்கொண்டு கருவியைப் பொருத்தியதால் மங்கலான படமே வந்தது. தெளிவான படம் பிரான்ஸுக்குக் கிடைத்தது. நிலையத்துக்குள் யாரும் போய்ப் பார்க்கும் ஏற்பாடு இப்போது இல்லை என்பதால், வேலிக்கு வெளியே உள்ள இயற்கைக் காப்பிடத்தில், ‘டிரை ட்ரீ’ என்ற வெண்கல யுகத்துக் கல்லின் அருகிலிருந்து பாருங்கள். ஆன்டெனா அங்கிருந்து நன்றாகத் தெரியும். செயற்கைக் கோள் வந்தபின் கம்பிக்கு வேலை போயிற்று என்று எண்ண வேண்டாம். ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைத்து 1997-இல் போட்ட கண்ணாடியிழைக் கம்பி மீண்டும் போர்த்கர்னோ மணலிலேதான் கரையேறிற்று, பம்பாயையும் தொட்டுக்கொண்டுதான் கிழக்கே போயிற்று.

கோடைக்காலக் கூட்டத்துக்கு அஞ்சுகிறவர்கள் செப்டம்பரில் போகலாம். கூன்ஹில்லியின் ஊதா நிறப் புதர்ப் பூக்களும் அப்போது முழுவதும் வாடியிரா. மழைக் கோட்டு எந்த மாதத்திலும் அவசியம்.