மலையகத்துக்கு ஒரு மணிவிழாப் பயணம்

உத்திரமேரூர்

அன்புள்ள தம்பிக்கு,

செல்பவரின் வயது, உடல்நிலை, விருப்பம், கையிலுள்ள நாட்கள் ஆகியவற்றைக் கேட்டறிந்த பின்னரே வழியும் தங்குமிடமும் வகுக்கப்படும் பயணத்தைத் தனிப்பயணம் என்பர்; முகூர்த்தப் புடவையைக் கடையில் எடுக்காமல் காஞ்சிபுரத்துத் தறியில் சொல்லி நெய்விப்பதற்கு அது ஒப்பாகும். மணிவிழா கண்ட பெற்றோரைச் செலவு பாராமல் பண்பாட்டுச் செழுமையுள்ள மலைநாடு ஒன்றுக்கு அனுப்பிவைக்க எண்ணும் மகனுக்கு முகவர்கள் (பயண ஏற்பாட்டாளர்கள்) முதலில் எடுத்துரைப்பது பெரும்பாலும் பூட்டானாகவே இருக்கும். இரவு ஒன்றுக்கு இந்தியரிடம் 1,200 ரூபாயும் பிற நாட்டவரிடம் 100 டாலரும் வளர்ச்சிக் கட்டணமாகப் பெற்றுக் கூட்டத்தை அளவில் நிறுத்தும் அந்நாடு சிறந்ததே. ஆயினும் சென்னையிலிருந்து பாரோவுக்கு நேர் விமானம் இல்லை. அங்கே புகழ்பெற்ற தக்சங் மடாலயமோ கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்தில், செங்குத்தான பாறையில் ஒட்டி நிற்கிறது. முழங்கால் வலியுள்ளவர்களுக்குச் சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பறப்பில் எட்டக்கூடிய இலங்கையின் மலையகமே பொருந்தும். அங்குள்ள உயரமான நகரமாகிய நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில்தான் உள்ளது.

மலையகத்தைப் பொறுத்தவரை விடுதியைத் தேடுவதற்கு முன் மாதத்தை முடிவு செய்தல் வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் பிழைபடுவது இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான். தீவின் நடுவே எழும் மலைத்தொகுதி, பருவக்காற்றுகளுக்கு மதில் போல் குறுக்கே நிற்பதால், மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், தலவாக்கலை முதலிய மேற்குச் சரிவுகளில் நாள்தோறும் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய காற்றாய்க் கிழக்கே பதுளை, பண்டாரவளை, எல்ல ஆகிய ஊர்கள் அடங்கிய ஊவாப் பகுதியில் இறங்குகிறது. அக்டோபர் முதல் பெய்யும் மழையில் ஊவா நனைகிறது. சனவரி தொடங்கி மார்ச் வரை மேற்குச் சரிவு வெயில் காண்கிறது. தேயிலை வணிகர்கள் இதை வேறொரு வகையில் அறிவர். வறண்ட காற்றில் கொழுந்து மெதுவாக வளர்ந்து அதன் மணம் செறிவதால், மேற்குச் சரிவின் திம்புளைத் தேயிலை சனவரி முதல் மார்ச் வரையிலும், ஊவாத் தேயிலை சூலை முதல் செப்டம்பர் வரையிலும் ஏலத்தில் உயர்ந்த விலை பெறும். எனவே எந்தச் சரிவில் நல்ல தேயிலை கிடைக்கிறதோ அந்தச் சரிவிலேயே அந்த மாதத்தில் தங்கலாம் என்பது, வானிலை அறிக்கையைக் காட்டிலும் நம்பத்தக்க விதி. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஏப்ரல் நாட்களில் கொழும்புச் செல்வர்கள் நுவரெலியாவை நிறைத்துவிடுவதால் அப்போது இருமடங்கு விலை கொடுத்தும் அமைதி கிட்டாது.

பிப்ரவரி மாதத்தைக் கொண்டால், கண்டியில் இரண்டு இரவு, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட பங்களாவில் மூன்று இரவு, நுவரெலியாவில் இரண்டு இரவு, திரும்பும் முன் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள நீர்கொழும்பில் ஓர் இரவு என்ற அளவு போதுமானது. இதற்கு மேல் ஊர்களைச் சேர்ப்பவர் மலைப்பாதை வளைவுகளில் பெற்றோரின் நேரத்தைச் செலவிடுகிறார். கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீட்டருக்கும் குறைவே என்றாலும் மகிழுந்தில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும்.

கண்டியைப் பார்க்கும் முன் வேலூரைப் பார்ப்பது, உத்திரமேரூர்க்காரர் ஒருவரால் எளிதில் செய்யக்கூடிய ஏற்பாடு. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட அரசர்கள் தென்னாட்டு நாயக்கர் மரபினர். அவர்களுள் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்டவன், ஆங்கிலேயரால் சிறைபிடிக்கப்பட்டு வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டு 1832-இல் இறந்தான். அவனுடைய நினைவிடமான முத்துமண்டபம் வேலூரில் பாலாற்றங்கரையில் உள்ளது. தலதா மாளிகை எனப்படும் புத்தரின் பல் பேணப்படும் கோயிலின் முகப்பிலுள்ள எண்கோண மண்டபமும், அதன் எதிரே விரிந்து கிடக்கும் ஏரியும் அவன் காலத்து ஆக்கங்களே. ஏரி வாரியம் அமைத்து ஏரியைப் பேணிய சோழர் காலத்து ஊரிலிருந்து செல்பவருக்கு, பாசனத்துக்கன்றி அழகுக்காக வயலை மூழ்கடித்து எழுப்பப்பட்ட அந்த ஏரியும், அதற்காகக் குடிகள் பட்ட கட்டாய உழைப்பும் வேறு விதமாகத் தோன்றக்கூடும். மாளிகையைச் சுற்றியுள்ள நான்கு தேவாலயங்களுள் ஒன்று பத்தினி தெய்வத்துக்குரியது. சிங்களவர் பத்தினி என வழிபடுவது கண்ணகியையே. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வது அங்கே பெரும் அவமதிப்பாகக் கருதப்படும் என்பதையும், முழுநிலவு நாளாகிய போயா தினத்தன்று நாடெங்கும் மது விற்பனை இராது என்பதையும் முன்பே சொல்லிவைத்தல் நலம்.

தோட்ட பங்களா என்பது, ஆங்கிலேயத் தோட்ட நிர்வாகிகளாகிய துரைமார் வாழ்ந்த இல்லம். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள அத்தகைய பழைய இல்லங்கள் சில, நான்கைந்து அறைகளும் தனிச் சமையற்காரரும் உடைய விடுதிகளாக மாற்றப்பட்டுள்ளன. நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில் ஹெதர்செட் என்ற பழைய தேயிலைத் தொழிற்சாலையே விடுதியாகி, கொழுந்தை வாட்டிய மாடிகள் இன்று படுக்கையறைகளாக உள்ளன. 1867-இல் லூலகந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதைப் பங்களாவின் கையேடுகள் விரிவாகக் கூறும். தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணி எனப்பட்ட ஆள்சேர்ப்பவரின் பின்னே புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வழியிலேயே பெருந்தொகையினர் மடிந்த மக்களைப் பற்றி அவை கூறுவது குறைவு. அவர்களின் வழித்தோன்றல்கள் 1948-இல் குடியுரிமை இழந்தனர். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் நடந்த அந்த வழியில் 2023-இல் மலையக மக்கள் மீண்டும் நடந்து நினைவுகூர்ந்தனர்.

விருந்தினரின் ஓர் இரவுக் கட்டணம், கொழுந்து பறிப்பவர் ஒருவரின் பல வாரக் கூலியை விஞ்சும் இடத்தில், தமிழ் பேசும் விருந்தினருக்குக் கடமை ஒன்று கூடுகிறது. லயம் எனப்படும் வரிசை வீடுகளை வேடிக்கைப் பொருளாக்கிப் படமெடுக்க அழைத்துச் செல்லும் ஏற்பாட்டை மறுத்துவிட்டு, காலைப் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம், முடிந்து கூடையுடன் மலையேறும் பெண்களிடம் பெற்றோர் தங்கள் மொழியிலேயே ஊரையும் குலதெய்வத்தையும் கேட்டுப் பேசும்படி ஓர் அரைநாளை ஒழித்துவைப்பது தகும். இதனை எந்த முகவரும் விலைப்பட்டியலில் சேர்க்க இயலாது. முதியவர்கள் ஊர் திரும்பிய பின் அதிகம் பேசப்போவதும் அநேகமாக இதுவாகவே இருக்கும்.

ரயில் பயணத்தை முழுமையாக வைக்க வேண்டியதில்லை. கண்டியிலிருந்து எல்ல வரை ஆறேழு மணி நேரம் உட்கார்ந்திருப்பது முதுகுக்கு ஒவ்வாது. ஹட்டனிலிருந்து நானுஓயா வரையிலான ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பகுதியே போதும்; நாட்டின் மிக நீண்ட ரயில் குகையாகிய சிங்கமலைக் குகையும் கொட்டகலைத் தோட்டங்களும் அதிலேயே வந்துவிடும், பெட்டிகளை ஏற்றிய வண்டி சாலை வழியே சென்று நானுஓயாவில் காத்திருக்கும். முன்பதிவு முப்பது நாட்களுக்கு முன் திறந்து விரைவில் தீர்ந்துவிடுவதால் அந்நாளைக் குறித்துவைத்தல் வேண்டும். 2025 நவம்பரில் டிட்வா புயல் மலையகத்தில் பெரும் மண்சரிவுகளை ஏற்படுத்தியதால், பாதையில் ரயில் ஓடுகிறதா என்பதைப் பணம் கட்டும் முன் உறுதி செய்துகொள்வதும் இன்றியமையாதது.

விடுதிகளில் விலை கேட்கும்போது, சொல்லப்படும் தொகையில் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 18 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் அடங்குமா என்று எழுத்தில் பெறுதல் வேண்டும். ஓட்டுநர் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமம் பெற்ற வழிகாட்டியாகவும், இயன்றால் தமிழ் அறிந்தவராகவும் இருப்பது நல்லது. மின்னணுப் பயண அனுமதியின் விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால், அதற்குப் புறப்படும் மாதத்தில் அரசின் தளத்திலேயே நேரடியாக விண்ணப்பிக்கலாம். பிப்ரவரியில் நுவரெலியாவின் விடியற்காலை நம் மார்கழியைக் காட்டிலும் மிகக் குளிர்ந்தது; கம்பளி ஆடையைப் பெட்டியின் மேற்பகுதியில் வைக்கச் சொல்லவும்.

அன்புடன்,
சித்தப்பா