மருந்து டப்பாவைத் திறக்கும் முன்

பெரும்பாலான வீடுகளில் மருந்துப் பெட்டி என்று தனியாக ஒன்று இருக்காது. ஃபிரிட்ஜ் தலையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். அதற்குள் பாதி தீர்ந்த அட்டைகள், தாத்தாவின் பிரஷர் மாத்திரை, யாருக்கோ எப்போதோ வாங்கிய கண் சொட்டு மருந்து. மருத்துவம் வேகமாகத்தான் முன்னேறுகிறது. ஆனால் வீட்டுக்குள் வந்தபின் அது வீணாவதும் உண்டு. கையை எங்கே வைத்துக்கொண்டு பிரஷர் பார்ப்பது, இன்சுலினை எந்தத் தட்டில் வைப்பது போன்ற சில்லறை விஷயங்கள்தான் காரணம். இங்கே உள்ளவை அந்தச் சில்லறை விஷயங்கள்.

1. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டப்பாவைக் கொட்டிப் பாருங்கள். தேதி முடிந்ததையும், எதற்கென்றே தெரியாததையும் எடுத்துவிடுங்கள். கண் சொட்டு மருந்தைத் திறந்துவிட்டால் பாட்டிலில் அச்சடித்த தேதி கணக்கில்லை. பெரும்பாலானவற்றை ஒரு மாதத்தில் தூக்கிப் போட வேண்டும். திறந்த நாளைப் பேனாவால் அதன்மேலேயே எழுதி வையுங்கள். அட்டையிலிருந்து மாத்திரை எடுக்கும்போது பெயரும் தேதியும் உள்ள முனையைக் கடைசிக்கு விட்டுவையுங்கள். டப்பா இருக்கும் இடத்தையும் மாற்றலாம். ஃபிரிட்ஜ் மேலே சூடு, அடுப்படியில் ஆவி, குளியலறையில் ஈரம். குழந்தைக்கு எட்டாத அலமாரித் தட்டு போதும்.

2. பிரஷர் பார்க்கும்போது கை மேசைமேல் இருக்கட்டும். இது ஏதோ சம்பிரதாயம் இல்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கையை மடியில் வைத்துப் பார்த்தால் மேல் எண் சுமார் 4 கூடுதலாகவும், பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்த்தால் 6.5 கூடுதலாகவும் காட்டியது. உண்மையில் 134 உள்ளவருக்கு மெஷின் 140 என்று சொல்லும். வேண்டாத மாத்திரை ஒன்று ஆரம்பமாகும். பட்டை நெஞ்சின் உயரத்தில் வரும்படி கையை மேசையில் வையுங்கள். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். காபி குடித்திருந்தால் அரைமணி நேரம் போகட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்க்காதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். மணிக்கட்டில் கட்டும் மெஷினைவிட மேற்கையில் கட்டுவது நம்பகமானது. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் அளவு தப்பாக ஏறும்; பெரிய பட்டை தனியாகக் கிடைக்கிறது. வீட்டில் பார்க்கும் அளவு தொடர்ந்து 135/85-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் போக வேண்டும். ஒரே ஒரு நாள் அளவை வைத்துக்கொண்டு மாத்திரையைக் கூட்டுவதும் நிறுத்துவதும் வேண்டாம். ஒரு வாரத்து எண்களை எழுதிக்கொண்டு போங்கள். அவருக்கும் அதுதான் உதவும்.

3. உப்பை மாற்றலாம், ஆனால் எல்லோரும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு போதும் என்கிறது. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு என்று சாப்பிடும் நமக்கு அது மதியத்துக்கே தீர்ந்துவிடும். சீனாவின் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2021-இல் வெளிவந்தது. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைச் சமையலுக்குக் கொடுத்தார்கள். அதைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. இப்படிச் சோடியம் குறைந்த உப்பு நம் கடைகளிலும் கிடைக்கிறது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் அதைத் தொடக்கூடாது. டெல்மிசார்டான், ரமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் மாற வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். கூடுதல் காசு கொடுத்து இந்துப்பு வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அயோடினும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

4. குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்க்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடையுங்கள். ஆரஞ்சு உரித்த விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து கணக்கில் வரும். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிவிடுங்கள், ஈரம் பட்டால் அதன் கணக்கு கெட்டுப்போகும்.

5. இன்சுலினை ஃப்ரீசரிலும் வைக்கக்கூடாது, ஃபிரிட்ஜ் கதவிலும் வேண்டாம். கதவைத் திறக்கும்போதெல்லாம் அங்கே சூடு மாறிக்கொண்டே இருக்கும். நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல் வையுங்கள். ஒருமுறை உறைந்துபோன இன்சுலின் உருகிப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் குப்பைக்குத்தான். பயன்பாட்டில் உள்ள பாட்டிலை அறைச் சூட்டில் சுமார் நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் என்ன செய்வது? 2023-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு நல்ல பதில் தருகிறது. திறக்காத சில வகை மனித இன்சுலின் 25 டிகிரியில் ஆறு மாதம்வரையும், 37 டிகிரியில் இரண்டு மாதம்வரையும் வீரியம் சொல்லும்படி குறையாமல் இருக்கிறது. நம் ஊர் சித்திரை வெயில் 37-ஐத் தாண்டும் என்பதால் ஒரு மண்பானைக்குள் சின்ன மண்பானையை வைத்து, இடையே மணல் நிரப்பி, மணலை நனைத்து வையுங்கள். இன்சுலினைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி உள்பானையில் வைத்து மூடினால் வெளிச்சூட்டைவிடக் கணிசமாகக் குளிர்ந்திருக்கும். பானை நிழலில், காற்றுப்படும் இடத்தில் இருக்க வேண்டும். கரன்ட் அடிக்கடி போகும் ஊர்க்காரர்களும் இதைச் செய்து வைக்கலாம்.

6. குழந்தையின் காய்ச்சல் மருந்தில் வயதைவிட எடைதான் கணக்கு. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. ஆபத்து எங்கே என்றால், கடையில் மூன்று விதமாகக் கிடைக்கிறது: ஒரு மில்லியில் 100 மி.கி. உள்ள டிராப்ஸ், 5 மில்லியில் 125 மி.கி. உள்ள சிரப், 5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப். அதே 10 கிலோ குழந்தைக்கு முதலாவதில் ஒன்றரை மில்லி, இரண்டாவதில் 6 மில்லி, மூன்றாவதில் 3 மில்லி. போன தடவை கொடுத்த அளவை நினைவில் வைத்து, பாட்டில் மாறியதைப் பார்க்காமல் கொடுத்தால் ஒன்று போதாது அல்லது மிஞ்சும். லேபிளைப் படியுங்கள், சமையலறை ஸ்பூன் வேண்டாம், மருந்தோடு வரும் அளவு மூடியோ ஊசியில்லா சிரிஞ்சோ எடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் இல்லை. டெங்கு பரவும் காலத்தில் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் பக்கமே போகாதீர்கள்; ரத்தக்கசிவு கூடும்.

7. சின்னக் குழந்தைக்கு இருமல் சிரப் நீங்களாக வாங்கவே வாங்காதீர்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் டைஎதிலீன் கிளைகால் கலந்த சிரப்பால் குழந்தைகள் இறந்ததை மறந்துவிட முடியாது. இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்தே கூடாது, ஐந்து வயதுவரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. குழந்தைகளின் இருமல் பெரும்பாலும் தானாகவே அடங்கும். ஒரு வயது தாண்டியிருந்தால் படுக்கும் முன் தேன் கொடுக்கலாம்; ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. மூச்சு வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

8. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பாதியாகப் பிரித்துக் கலக்காதீர்கள். 1971-இல் வங்கதேசப் போரின்போது பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவி, சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. திலீப் மஹலானபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம் டிரம்மாக வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. அந்த நீரின் வேலையே அளவில்தான் இருக்கிறது. குளுக்கோஸ் சரியான அளவில் இருந்தால்தான் குடல் உப்பையும் நீரையும் சேர்த்து உள்ளே இழுக்கும்; சர்க்கரை கூடினால் போக்கு அதிகமாகும். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. கலந்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. அவற்றின் பெயரில் அந்த எழுத்துகளைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பாக்கெட்டே இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை தினம் 20 மி.கி. என்று 14 நாள் எழுதிக் கொடுத்தால், போக்கு நின்றாலும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

9. மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். ஆன்டிபயாட்டிக்கை அடையாளம் காட்ட மத்திய அரசு 2016-இல் தொடங்கிய பிரசாரம் இது. போன வருஷம் மிச்சமான நாலு மாத்திரையை இந்த வருஷச் சளிக்குப் போடுவதைப் போல வீண் வேலை கிடையாது.

10. இன்ஹேலரில் மருந்து இருக்கிறதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கிறார்கள். அது தப்பு. எண்ணிக்கை காட்டும் இன்ஹேலராக வாங்குங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

11. நாய் கடித்தால் முதல் மருந்து குழாய்த் தண்ணீரும் சோப்பும்தான். 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ரத்தம் வராத நகக்கீறலுக்கும் ஊசி தேவை. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று இன்னும் பயந்து ஒளிகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பை இந்தியா 2004-லேயே நிறுத்திவிட்டது. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் கையில் தோலுக்குள் போடுகிறார்கள்; முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியே எதிர்ப்புப் பொருள் ஊசியும் போட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். வெறிநோயின் அறிகுறி வந்தபின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது.

12. சூடு பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை, மை, மாவு கூடாது.

13. முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தூக்கினால் தொய்வது, பேச்சு குழறுவது: இதில் ஒன்று திடீரென்று வந்தாலும் பக்கவாதமாக நினைத்துக் கிளம்புங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் பொதுவான அவகாசம். சிலருக்குக் குழாய் விட்டுக் கட்டியை எடுக்கும் சிகிச்சை 24 மணி நேரம்வரை கைகொடுக்கும். அறிகுறி எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். வாயில் காபியோ மாத்திரையோ கொடுக்காதீர்கள், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போகும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்கவைப்பது எல்லாவற்றையும்விடக் கெடுதல். நெஞ்சுவலி வேறு கணக்கு: ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் வேளை மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால் வழியில் அங்கே நில்லுங்கள்.

14. எடை குறைக்கும் ஊசி இப்போது எல்லார் பேச்சிலும் இருக்கிறது. நல்ல மருந்துதான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்று போடும் மருந்தல்ல. பசி அடங்கும்போது சாதமும் குழம்பும் மட்டும் கொஞ்சமாகச் சாப்பிட்டால் தசையும் சேர்ந்து கரையும். முட்டை, பருப்பு, மீன், சுண்டல் எது முடியுமோ அதைத் தட்டில் முதலில் வையுங்கள்.

15. வீட்டில் 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளை இருந்தால் எச்.பி.வி. தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்க இந்த வயதில் ஒரே ஊசியும் போதும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. புனேயில் தயாராகும் ‘செர்வாவேக்’ தடுப்பூசிக்கு அதே ஆண்டில் அனுமதி கிடைத்தது.

16. வீட்டில் ஒவ்வொருவரும் சாப்பிடும் மாத்திரையின் பெயர், அளவு, ஒவ்வாத மருந்து எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அதன் மேலேயே 108 ஆம்புலன்ஸ், 104 மருத்துவ ஆலோசனை எண்களைப் பெரிதாக எழுதுங்கள். 108-க்குப் பேசும்போது முதலில் ஊர், தெரு, பக்கத்தில் உள்ள அடையாளம். நோயைப் பிறகு சொல்லலாம்.