சரிவு மனையில் கடைவீடு: புதுப்பிக்கும் முன் வணிகர் அறிய வேண்டியவை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது சமவெளியில் பிறந்த பழமொழி. மலை நகரத்தில் பிறந்திருந்தால், "சரிவில் கட்டிப் பார்" என்று ஒரு சொல்லும் சேர்ந்திருக்கும். குன்னூர், உதகமண்டலம், கோத்தகிரி போன்ற ஊர்களில் கடைவீதி முழுவதுமே சரிவில்தான் நிற்கிறது. முன்னால் கடை, பின்னாலோ மேலேயோ குடும்பம் என்று இரண்டு தலைமுறையாக வாழும் வணிகர்கள் அங்கே ஏராளம். வியாபாரம் வளர்கிறது, சரக்கு கூடுகிறது, மகனுக்குத் திருமணமாகிறது; பழைய கட்டடம் போதவில்லை. பெரிய அளவில் மாற்றிக் கட்டலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு.

அந்த எண்ணம் வந்தவுடன் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது ஷட்டரும் டைல்ஸும்தான். சரிவு மனையில் வரிசை வேறு. முதலில் தண்ணீருக்கு வழி, அடுத்து சரக்குக்குத் தளம், அதன் பிறகே மனிதர்க்கு அறை. இந்த வரிசையை மாற்றினால் என்ன நேரும், மாற்றாமல் எப்படித் திட்டமிடுவது என்பதை இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

1. மனையை அளந்து அறிதல்

சரிவு மனை இரண்டு வகை. சாலைக்குப் பின்னால் நிலம் ஏறிப் போவது மேட்டு மனை. சாலையிலிருந்து நிலம் இறங்கிப் போவது பள்ள மனை. மேட்டு மனையில் மண்ணை வெட்ட வேண்டியிருக்கும். பள்ள மனையில் நிரப்பவோ, தூண் எழுப்பவோ வேண்டியிருக்கும்.

சரிவு எவ்வளவு என்பதைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. நிறமற்ற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு மட்டம் பார்த்தால் போதும். முன் எல்லைக்கும் பின் எல்லைக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று தெரிந்துவிடும்.

பாடத்துக்காக ஒரு மேட்டு மனையை எடுத்துக்கொள்வோம். முகப்பு 24 அடி, ஆழம் 60 அடி. மொத்தம் 1,440 சதுர அடி, அதாவது சுமார் 3.3 சென்ட். சாலை மட்டத்திலிருந்து பின் எல்லை 15 அடி உயரம். 4 அடிக்கு 1 அடி ஏற்றம். கடைவீதிகளில் சாதாரணமாகக் காணும் சரிவுதான் இது.

2. ஒரே வெட்டா, மூன்று படியா?

இந்த மனையைப் பார்த்ததும் வணிகர் மனத்தில் தோன்றும் ஆசை ஒன்றுதான்: சாலை மட்டத்திலேயே பின் எல்லை வரை வெட்டிவிட்டால் 60 அடி நீளத்துக்கு ஒரே குடோன் கிடைக்குமே! கிடைக்கும். கூடவே பின்னால் 15 அடி உயர மண்சுவரும் கிடைக்கும். அதைத் தாங்க 15 அடித் தடுப்புச் சுவர் வேண்டும்.

இங்கே ஒரு கணக்கை நாம் மறக்கக் கூடாது. சுவரின் உயரம் இரண்டு மடங்கானால் மண் தள்ளும் விசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. சுவரைக் குப்புறக் கவிழ்க்கும் ஆற்றல் எட்டு மடங்காகிறது. 5 அடிச் சுவரோடு ஒப்பிட்டால் 15 அடிச் சுவருக்குத் தள்ளுவிசை 9 மடங்கு, கவிழ்க்கும் ஆற்றல் 27 மடங்கு. 5 அடிச் சுவர் நன்றாக நிற்கிறதே என்று அதே மேஸ்திரியிடம் 15 அடிச் சுவரை ஒப்படைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது இதிலிருந்து விளங்கும்.

மாறாக, 20 அடிக்கு ஒரு படியாக மூன்று படிகள் வெட்டுவோம். முதல் படி சாலை மட்டம். இரண்டாவது 5 அடி மேலே. மூன்றாவது 10 அடி மேலே. ஒவ்வொரு படியின் பின்னாலும் 5 அடிச் சுவர் மட்டுமே. மூன்று சுவர்கள் மீதும் விழும் தள்ளுவிசையைக் கூட்டினாலும் அந்த ஒரே பெரிய சுவரின் மீது விழுவதில் மூன்றில் ஒரு பங்குதான். வெட்டி அப்புறப்படுத்தும் மண்ணும் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது.

படிவீடு என்றால் இடம் வீணாகும் என்று நினைக்க வேண்டியதில்லை. முதல் படியில் 10 அடி உயரக் கடை. அங்கிருந்து 9 படி ஏறினால் இரண்டாவது மட்டத்தில் கூடமும் சமையலறையும். இன்னும் 9 படி ஏறினால் மூன்றாவது மட்டத்தில் படுக்கையறைகள். கடையின் மேல்தளம் படுக்கையறை மட்டத்துக்கே வந்துவிடுவதால் அதை ஓர் அறையாகவோ, வெயில் படும் முற்றமாகவோ வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை: இரண்டாவது மட்டத்தின் முன்சுவர் அஸ்திவாரத்தை முதல் தடுப்புச் சுவரின் விளிம்பில் உட்கார வைக்கக் கூடாது. வீட்டின் எடை முழுவதும் அந்தச் சுவரைத் தள்ளும். தூண்களைக் கடை மட்டம் வரை இறக்கிக் கெட்டி மண்ணில் நிறுத்துவதே முறை.

3. சரக்கின் எடை

வீடு கட்டும் பொறியாளரிடம் நாம் பெரும்பாலும் சொல்ல மறக்கும் விஷயம் இது. அவர் வீடு என்று நினைத்துக் கணக்குப் போடுவார். நாம் அதில் மூட்டை அடுக்குவோம்.

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875, இரண்டாம் பகுதியின்படி வீட்டு அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. சதுர அடிக்கு ஏறக்குறைய 18½ கிலோ. சில்லறைக் கடைத் தளத்துக்கு இது 400 கிலோ. குடோன் தளத்துக்குக் குறைந்தபட்சம் 750 கிலோ. அடுக்கு உயர உயர இன்னும் கூடும்.

இப்போது நம் சரக்கைப் பார்ப்போம். 26 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று படுக்கையில் சுமார் 2¾ சதுர அடி இடம் பிடிக்கும். பத்துச் சிப்பம் அடுக்கினால் 260 கிலோ. சதுர அடிக்குச் சுமார் 95 கிலோ! வீட்டு அறைத் தளம் தாங்க வேண்டியதைப் போல ஐந்து மடங்கு. 50 கிலோ சர்க்கரை மூட்டையாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே அரிசி, சர்க்கரை, பருப்பு, எண்ணெய் டின் ஆகியவை வெட்டிய மண்ணின்மேல் நேராகப் படுத்திருக்கும் சாலை மட்டத் தளத்தில்தான் இருக்க வேண்டும். லாரியிலிருந்து இறக்கவும் அதுவே வசதி. மேல் மட்டங்களில் அப்பளம், பிஸ்கட், பிளாஸ்டிக் போன்ற இலகுவான சரக்கு போதும். பள்ள மனைக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே சாலை மட்டக் கடையே தூண்களின் மேலோ, நிரப்பிய மண்ணின் மேலோ நிற்கும். தூண் அஸ்திவாரம் நிரப்பு மண்ணைத் தாண்டிப் பழைய கெட்டி மண்ணில் இறங்கியாக வேண்டும். பாதி வெட்டு மண், பாதி நிரப்பு மண் என்று ஒரே அஸ்திவாரம் நின்றால், நிரப்பிய பக்கம் அமிழ்ந்து நடுவில் விரிசல் விடும்.

4. தண்ணீர்: நம் முதல் எதிரி

நீலகிரியின் மண் ஆழமான செம்மண்ணும் களியும் கலந்தது. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். "இந்த மண் கல் மாதிரி, சுவரே தேவையில்லை" என்று கோடையில் சொல்லத் தோன்றும். நீர் ஊறியதும் அதே மண் பலமிழந்து வழுக்கிக்கொண்டு வரும்.

2009 நவம்பரில் இதன் விலையை மாவட்டமே கொடுத்தது. 10-ஆம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. அந்த நாட்களின் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்களின் மீது மண் சரிந்தது. வீட்டின் பின்சுவர் என்பது படுக்கையறைச் சுவர் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

நம் 1,440 சதுர அடி மனையில் 10 செ.மீ. மழை பெய்தால் 13,400 லிட்டர் நீர் விழும். 82 செ.மீ. பெய்தால் சுமார் 1,10,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்பது. மேல் மனைகளிலிருந்து இறங்கி வருவது இதில் சேராது.

தடுப்புச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழுவதும் தேங்கி நின்றால் தள்ளுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். எனவே:

அ. சுவரில் 3 முதல் 4 அங்குலக் குழாய்களை 4 அல்லது 5 அடிக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சற்றுச் சாய்வாகப் பதிக்க வேண்டும். மேஸ்திரிகள் வீப் ஹோல் என்பார்கள். பூச்சு வேலையின்போது அழகுக்காக இவற்றை அடைத்துவிடும் வழக்கம் உண்டு, அனுமதிக்கக் கூடாது.

ஆ. சுவருக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்ப வேண்டும். மண் புகுந்து ஜல்லியை அடைக்காதபடி நடுவில் வடிகட்டித் துணி விரிக்க வேண்டும். வெட்டிய களிமண்ணையே திரும்பக் கொட்டி மூடினால் துளை இருந்தும் பயனில்லை.

இ. மனையின் தலைமாட்டில், மேலிருந்து வரும் நீரைத் தடுத்துப் பக்கவாட்டில் திருப்பும் கான் ஒன்று வேண்டும்.

ஈ. தடுப்புச் சுவர் வேறு, வீட்டுச் சுவர் வேறு. இரண்டுக்கும் இடையே 2 அல்லது 3 அடிச் சந்து விட்டு, அதில் 100 அடிக்கு 1 அடி சாய்வில் கான் அமைக்க வேண்டும். கடைக்குப் பின்னால் 2 அடி விட்டால் 48 சதுர அடி போகிறதே என்று தோன்றும். விடாவிட்டால் மண்ணை ஒட்டிய சுவர் ஆண்டு முழுவதும் வியர்த்து, உப்பும் சர்க்கரையும் கசிந்து, மாவும் பருப்பும் பூஞ்சை பிடித்து, அந்த 48 சதுர அடியின் மதிப்பைச் சில மழைக்காலங்களிலேயே விழுங்கிவிடும்.

உ. கழிவுநீர் உறிஞ்சுகுழியைத் தடுப்புச் சுவரின் மேற்பக்கத்தில் தோண்டக் கூடாது. நாமே தினமும் மண்ணை ஊற வைப்பதாகும்.

5. பழைய கட்டடமும் பக்கத்து வீடும்

பழைய கடைகள் பலவற்றில் கருங்கல்லும் மண் சாந்தும், அல்லது செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கனத்த சுவர்களே மேல் எடையைத் தாங்குகின்றன. கடையை அகலமாக்க நடுச்சுவரை எடுப்பதற்கு முன், மேலே எது அதன்மேல் நிற்கிறது என்று பொறியாளர் பார்த்து, முட்டுக் கொடுத்து, உத்திரம் ஏற்றிய பிறகே கை வைக்க வேண்டும். பழைய அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்ட நேர்ந்தால், 3 அல்லது 4 அடித் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டிக் கட்டி வர வேண்டும். முழு நீளத்தையும் ஒரே நாளில் திறந்தால் சுவர் இறங்கிவிடும்.

அண்டை நிலத்துக்கு நம் மண் கொடுக்கும் இயற்கையான தாங்குதலை 1882-ஆம் ஆண்டு இந்திய ஈஸ்மெண்ட் சட்டம் ஓர் உரிமையாகவே ஏற்கிறது. நாம் வெட்டியதால் அடுத்தவர் நிலம் சரிந்தால் வழக்கும் இழப்பீடும் நம்மைத் தேடி வரும். வேலை தொடங்குமுன் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து, இருக்கிற விரிசல்களை இருவரும் பார்த்துப் புகைப்படம் எடுத்து, கையெழுத்திட்டு வைப்பது இரு தரப்புக்கும் நல்லது.

6. அனுமதியும் காப்பீடும்

மலைப்பகுதியில் கட்டட உயரத்துக்குத் தனி வரம்பு உண்டு. படியாகக் கட்டும்போது உயரம் எங்கிருந்து அளக்கப்படும் என்பதை வரைபடம் போடுமுன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெளிய வேண்டும். 1990-இல் அமைக்கப்பட்ட, ஹாக்கா என்று நாம் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் மனை வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரம் இறக்கத் தனி அனுமதி தேவை. ஞாயிற்றுக்கிழமை இரவில் யாரும் பார்க்காமல் வெட்டிவிடலாம் என்பவர் பேச்சைக் கேட்கக் கூடாது.

தீக் காப்பீட்டுப் பாலிசிகளில் நிலச்சரிவும் சேர்ந்திருப்பது வழக்கம். ஆனால் விலக்குப் பகுதியை நம்மில் பலர் படிப்பதில்லை. நிரப்பிய மண் அமிழ்தல், குறைபாடான வடிவமைப்பு அல்லது வேலைப்பாடு, கட்டுமானம் மற்றும் தோண்டும் வேலையால் வரும் சேதம் ஆகியவை சாதாரணமாக அந்த விலக்கில் அடங்கும். அதாவது, முறையாகக் கட்டாதவருக்கு மிகத் தேவையான நாளில் பணம் கிடைக்காமல் போகலாம். வேலை நடக்கும் காலத்துக்குத் தனிக் காப்பீடு உண்டா என்று கேட்டு எடுத்துக்கொள்வது நல்லது.

7. காலமும் செலவும்

ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இதுவே கடுமை. ஏப்ரல், மே சீசன் வியாபாரம். ஆகவே ஜனவரியில் மண் வேலையைத் தொடங்கி மார்ச்சுக்குள் தடுப்புச் சுவரையும் கான்களையும் முடித்து, சீசனுக்குக் கடை முகப்பைத் திறந்துவிட்டு, மேல்மட்ட வேலைகளைப் பிறகு தொடர்வதே வணிகருக்கு ஏற்ற ஒழுங்கு. வெட்டிய மண் சுவரில்லாமல் ஜூன் மாதத்தைப் பார்க்கக் கூடாது.

பணத்தையும் இதே வரிசையில் ஒதுக்குவோம்: மண் பரிசோதனையும் பொறியாளர் கட்டணமும் முதலில், கானும் தடுப்புச் சுவரும் அடுத்து, அஸ்திவாரமும் தூணும் மூன்றாவது, கூரை நான்காவது, டைல்ஸ், பெயிண்ட், பெயர்ப்பலகை கடைசி. கையிருப்பு குறைந்தால் கடைசியிலிருந்து குறைப்போம். டைல்ஸ் இல்லாத கடையில் வியாபாரம் நடக்கும்.

வேலை முடிந்த பிறகும் ஆண்டுக்கு இரு முறை, மே மாதமும் செப்டம்பரும், கான்களைத் தூர் வாரி, வீப் ஹோல்களைக் கம்பி விட்டுக் குத்திப் பார்க்க வேண்டும். மழை நாளில் துளையில் நீர் வந்தால் சுவர் நலம். வழக்கமாக வரும் துளையில் திடீரென்று நின்றாலோ, சுவர் வயிறு தள்ளினாலோ, மேலே மண்ணில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தாலோ, அன்று இரவு அந்த அறையில் யாரையும் படுக்க விடாமல் மறுநாளே பொறியாளரை அழைப்போம். நனைந்த சரக்கை மறுபடி கொள்முதல் செய்துகொள்ளலாம்.