மருத்துவருக்குப் பக்கத்தில் நிற்பவர்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சென்னைக்கும் சாலைகள் பிரிகின்ற திண்டிவனத்தில் பஸ் மாறுவதற்காக நிற்பவர்களின் கண்ணில், ஆறு மாதத்தில் நர்சிங், ஒரு வருஷத்தில் லேப் டெக்னீஷியன், முடித்தவுடன் வேலை நிச்சயம் என்று சுவரெங்கும் ஒட்டியிருக்கும் விளம்பரங்கள் படாமல் போவதில்லை. மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்தும் மரக்காணம் பக்கத்திலிருந்தும் பிளஸ் டூ முடித்த பெண்ணை அழைத்துக்கொண்டு வருகிற தகப்பனார், அந்த விளம்பரங்களில் ஒன்றைச் சத்தியவாக்காக எண்ணி நகையை அடகு வைப்பதும் இந்த ஜில்லாவில் அபூர்வமல்ல. என் உறவினர் வீட்டிலேயே அப்படியொரு பெண் படித்து, வெள்ளை அங்கியும் அழகாக அச்சிட்ட சான்றிதழும் பெற்று, அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கும் சமயத்தில்தான் அந்தக் காகிதம் எங்கும் செல்லாது என்று அறிந்துகொண்டாள். அவளுடைய கண்ணீரை நேரில் கண்டவனாகையால், மருத்துவருக்கு உதவியாக நிற்கும் இந்த உத்தியோகத்தைப் பற்றி ஜனங்களிடையே வேரூன்றியிருக்கும் சில அபிப்பிராயங்களை எடுத்துப் பேசுவது அவசியமென்று கருதுகிறேன்.

முதலாவது நம்பிக்கை, சான்றிதழ் எதுவாயினும் சான்றிதழ்தான் என்பது. அமெரிக்காவில் டாக்டரின் கிளினிக்கில் எடையும் ரத்த அழுத்தமும் பார்த்து, நோயாளியின் விவரங்களைப் பதிவு செய்து, ஊசிக்கும் பரிசோதனைக்கும் ஆயத்தம் செய்கிற ‘மெடிக்கல் அசிஸ்டென்ட்’ என்ற தனித் தொழில் உண்டு. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்துத் தேர்வெழுதியவர்க்கு அதில் சான்று கிடைக்கும். நம் நாட்டிலோ அந்த வேலைகள் ஆய்வக நுட்பர், தியேட்டர் உதவியாளர், டயாலிசிஸ் நுட்பர், துணைச் செவிலியர் என்று பல கிளைகளாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு கிளைக்கும் அங்கீகாரம் தருகிற அதிகாரபீடமும் வேறு. செவிலியராகப் பதிவு பெற வேண்டுமானால் துணைச் செவிலியர் படிப்போ, மூன்றாண்டுப் பட்டயமோ, நான்காண்டுப் பட்டமோ முடித்துத் தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் பெயர் பதிய வேண்டும். ஆறு மாத ‘நர்சிங் அசிஸ்டென்ட்’ காகிதத்தைக் கொண்டு அந்தப் பதிவேட்டில் நுழைய இயலாது. 2021ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், துணை மருத்துவத் துறையினரின் பட்டயத்துக்கோ பட்டத்துக்கோ இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் 2,000 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பு வேண்டுமென்று விதிக்கிறது. நாளொன்றுக்கு ஆறு மணி, வாரத்துக்கு ஆறு நாள், ஒரு நாளும் விடாமல் பயின்றாலும் ஆறு மாதத்தில் 950 மணியைத் தாண்டாது என்ற சாதாரணக் கணக்கை அந்தத் தகப்பனாருக்கு யாராவது போட்டுக் காட்டியிருக்கலாம்.

இதனால் குறுகிய படிப்பெல்லாம் மோசம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே தியேட்டர் நுட்பர், அவசர சிகிச்சை நுட்பர், பல்நோக்கு மருத்துவமனைப் பணியாளர் போன்ற ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகள் உள்ளன. 2012இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், ஆய்வக நுட்பர் பதவிக்கு ஆள் எடுக்கும்போது, மருத்துவக் கல்வி இயக்குநரின் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் படித்திருக்கிறாரா என்றே கேட்கிறது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் அங்கீகார ஆணையின் நகலையும், எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை மாதம் நோயாளிகளருகே நின்று பயில விடுவார்கள் என்பதையும் கேளுங்கள். கேள்விக்கு விடை மழுப்பலாக வருமாயின் அந்தப் படியை விட்டு இறங்கிவிடுங்கள்.

நீட் எழுதாதவருக்கு மருத்துவத் துறையே இல்லை என்ற பயம் இரண்டாவது. அரசுக் கல்லூரிகளின் துணை மருத்துவப் பட்டயங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் செவிலியர் பட்டயத்துக்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணே ஆதாரமாக இருந்து வருகிறது. புதுச்சேரியின் கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவ நிறுவனம் தன் பட்டப் படிப்புகளுக்கு நீட் மதிப்பெண்ணைக் கேட்பதனால் இந்தப் பயம் நம் பக்கத்தில் பரவியது போலும்.

மூன்றாவது நம்பிக்கைதான் என் மனத்தை மிகவும் வருத்துவது: இது எடுபிடி வேலை, இதில் கற்க என்ன இருக்கிறது என்பது. 2010இல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியின் முண்டியம்பாக்கம் வளாகத்தில், காலை வேளையில் ரத்தம் கொடுக்க நிற்கும் வரிசையை நினைத்துப் பாருங்கள். ரத்தம் பிடித்த குழாயில் நோயாளியின் எதிரிலேயே, பெயரை அவர் வாயாலேயே சொல்லச் செய்து, குறியிட வேண்டும். இல்லையேல் ஒருவருடைய ரத்தத்துக்கு இன்னொருவர் மருந்து உண்ண நேரும். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிஷத்துக்கு மேல் இறுக்கி வைத்தால் அளவுகள் பிறழும். சர்க்கரைக்கு எடுத்த ரத்தத்தைச் சாம்பல் நிற மூடியுள்ள ஃபுளோரைடு குழாயில் இடாமல் சாதாரணக் குழாயில் வைத்துவிட்டால், உயிரோடிருக்கும் ரத்த அணுக்கள் மணிக்கு மணி அந்தச் சர்க்கரையைத் தின்றுகொண்டேயிருக்கும். நீரிழிவு உள்ளவர் ஆரோக்கியமானவராகக் காகிதத்தில் தோன்றுவார். அணுக்கள் உடையும்படி ஊசியை அவசரமாக இழுத்தால் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து நிற்கும். ரத்த அழுத்தம் பார்ப்பதிலும் அப்படியே: ஐந்து நிமிஷம் அமரவைத்து, பேசவிடாமல், கையை இருதயத்தின் மட்டத்தில் தாங்கி அளக்காவிட்டால், இல்லாத வியாதிக்கு ஆயுள் முழுதும் மாத்திரை விழுங்க நேரிடும். மருத்துவர் எத்துணை மேதையாயினும் அவருடைய நோய் நிர்ணயம் இந்தக் கைகளின் நேர்மையை நம்பியே நிற்கிறது.

இந்தப் பணிக்குக் கௌரவம் புதிதாக வந்ததுமன்று. 1992இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இருதய அறுவை நிபுணர் டாக்டர் கே. எம். செரியன் தொடங்கிய ‘பிசிஷியன் அசிஸ்டென்ட்’ படிப்பு, இன்று டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டமாக நிலைபெற்றிருக்கிறது; 2021ஆம் வருஷத்துச் சட்டத்தின் அட்டவணையிலும் அத்தொழிலுக்கு இடமுண்டு.

பத்து வருஷ அனுபவம் இருந்தால் தனியாகவே வைத்தியம் பார்க்கலாம் என்பது நான்காவது நம்பிக்கை. அபாயத்தில் இதுவே முதலாவது. பழைய நாளில் ஊருக்கொரு கம்பவுண்டர் இருந்து மருந்து கலக்கிக் கொடுத்ததையும், டாக்டர் இல்லாத வேளையில் அவரே ஊசி போட்டதையும் பெரியவர்கள் பிரியத்தோடு நினைவுகூர்வார்கள். அவர்களுடைய சேவையை நான் குறைத்துப் பேசவில்லை. எனினும் 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி, பதிவில்லாமல் மருத்துவம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மருத்துவரின் உத்தரவின்றி மருந்தைத் தெரிந்தெடுத்துக் கொடுப்பதும் உத்தரவின்படி உதவுவதும் இரு வேறு காரியங்கள். கிராமத்தார் அன்பின் மிகுதியால் “நீயே ஒரு ஊசி போட்டுவிடம்மா” என்று வற்புறுத்துகையில், மறுக்கத் தெரிந்திருப்பதும் இந்தப் படிப்பின் ஒரு பாகமே.

இன்னும் ஒன்று, விளம்பரங்கள் எதுவும் சொல்லாதது. நோயாளியின் ரத்தம் உதவியாளரின் விரலில் ஒரு நாள் பட்டே தீரும். உபயோகித்த ஊசிக்கு மூடியை மறுபடி மாட்டலாகாது; அதைத் துளைபடாத வெள்ளைப் பெட்டியிலும், ரத்தம் தோய்ந்த பஞ்சை மஞ்சள் பையிலும் இட வேண்டுமென்று 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் கூறுகின்றன. ரத்தத்தின் வழியே பரவக்கூடிய மஞ்சள் காமாலையின் பி வகைக்குத் தடுப்பூசி மூன்று தவணை. முதலாவது போட்ட ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. வார்டுக்குள் கால் வைக்கும் நாளில் பாதுகாப்பு முழுமையாக இருக்க வேண்டுமானால், கல்லூரியில் சேர்ந்த வாரத்திலேயே முதல் தவணையைப் போட்டுக்கொள்ள வேண்டும்.